ஒன்பது கிராம் வீரனுக்கு என்ன விலை?

3டி பிரின்டரில் அச்சடித்த ஒரு மினியேச்சரை, அதாவது ஒரு குட்டி வீரன் பொம்மையை, முதன்முதலாக விற்றபோது நான் போட்ட கணக்கு மூன்றே வரி. சப்போர்ட்டோடு (அச்சாகும்போது பொம்மையைத் தாங்கும் மெல்லிய கம்பங்கள்) சேர்த்து எடை 9 கிராம். ஒளி பட்டால் இறுகுகிற திரவமான ரெசின் ஒரு கிராம் என்ன விலையோ அதை 9 ஆல் பெருக்கினேன். கரன்ட் இருக்கிறது, மெஷின் தேய்மானம் இருக்கிறது என்று அதை இன்னொரு தடவை மூன்றால் பெருக்கினேன். முடிந்தது. வாங்கிக்கொண்ட நண்பர் "இவ்வளவுதானா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். பாராட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டு வந்தேன்.

அவர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறவர், ஆளுக்கொரு பாத்திரமாக மாறி ஆடுகிற கதை விளையாட்டு அது. அவருடைய பாத்திரம் ஒரு திருடன். இடது கையில் குறுங்கத்தி, வலது கையில் தூக்கிப் பிடித்த வாள், தோளில் பறக்கும் போர்வை. 32 மி.மீ. அளவில் வேண்டும் என்றார். இந்த 32 மி.மீ. பாதத்திலிருந்து கண் வரைக்குமா, உச்சந்தலை வரைக்குமா என்பதில் மினியேச்சர் செய்கிறவர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. அதனால் அவரிடம் ஏற்கெனவே இருந்த ஒரு பொம்மையை வாங்கி, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, அதற்குப் பொருந்துகிற மாதிரி, அச்சடிக்க வேண்டிய 3டி ஃபைலை 4 சதவீதம் குறைத்தேன். இந்த வேலைக்கு நான் காசு கேட்கவில்லை. கேட்கலாம் என்றே அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஆர்டர் வந்தபோது ஒரு நோட்டும் ஸ்டாப்வாட்சும் எடுத்து வைத்துக்கொண்டு, கை படுகிற ஒவ்வொரு நிமிடத்தையும் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டில் இருப்பதுதான் இது.

கணக்கைப் பணத்தில் சொன்னால் ஊருக்கு ஊர் மாறும், அடுத்த வருடமே பழசாகிவிடும். அதனால் ரெசினையே நாணயமாக வைத்துக்கொள்கிறேன். ஒரு கிலோ ரெசின் பாட்டில் 1000 புள்ளி. அப்படியென்றால் ஒரு கிராம் ஒரு புள்ளி. என்னுடைய பிரின்டர் ஏறக்குறைய பத்து பாட்டில் விலை, 10,000 புள்ளி. என் ஒரு மணி நேர உழைப்புக்கு அரை பாட்டில், 500 புள்ளி. கடைசியாகச் சொன்னது மட்டும் என் சொந்த முடிவு. நீங்கள் கூட்டிக்கொள்ளலாம், குறைத்துக்கொள்ளலாம். பூஜ்யம் என்று மட்டும் போடாதீர்கள். முதல் பொம்மைக்கு நான் போட்டது அதைத்தான்.

பிரின்டர் எல்.சி.டி. வகை. அடியில் 405 நானோமீட்டர் ஒளி, அதன் மேல் ஒரு திரை, திரைக்கு மேல் மெல்லிய படலம் கட்டிய ரெசின் தொட்டி. எந்த இடம் இறுக வேண்டுமோ அங்கே திரை வழிவிடுகிறது, மற்ற இடத்தை மறைக்கிறது. ஒரு அடுக்கு மொத்தமும் ஒரே நேரத்தில் இறுகுகிறது. பிறகு பொம்மை ஒட்டி வளர்கிற தட்டு கொஞ்சம் மேலே போய் இறங்கும், அடுத்த அடுக்கு. தட்டில் ஒரு வீரன் நின்றாலும் சரி, எட்டு வீரர்கள் நின்றாலும் சரி, நேரம் ஒன்றுதான். உயரம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. பிளாஸ்டிக் இழையை உருக்கி வரைகிற பிரின்டரில் இப்படி இல்லை. அங்கே முனை ஒவ்வொரு பொம்மையாகச் சுற்றி வரவேண்டும், எட்டு பொம்மைக்கு ஏறக்குறைய எட்டு மடங்கு நேரம். இந்த வித்தியாசம் புரியாத வரைக்கும் ரெசின் மினியேச்சருக்கு விலை போட முடியாது.

அந்தத் திருடன் தூக்கிய வாளையும் சேர்த்து 42 மி.மீ. உயரம். கொஞ்சம் சாய்த்து, சப்போர்ட் மேல் தூக்கி நிறுத்தியபோது 48 மி.மீ. அடுக்கு 0.05 மி.மீ. என்றால் 960 அடுக்கு. ஒளி, தூக்கல், இறக்கல் எல்லாம் சேர்த்து அடுக்குக்குச் சுமார் 10 விநாடி. 9600 விநாடி, அதாவது 2 மணி 40 நிமிடம்.

மெஷினுடைய செலவைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அது சின்னது. பிரின்டர் 4000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டேன். மோனோ (ஒற்றை நிற) எல்.சி.டி. திரைக்குப் பொதுவாக 2000 மணி நேரம் என்று சொல்வதால் நடுவில் ஒரு தடவை திரை மாற்ற 2000 புள்ளி ஒதுக்கினேன். 12,000 ஐ 4000 ஆல் வகுத்தால் மணிக்கு 3 புள்ளி. ஒரு ஓட்டத்துக்கு, அதாவது ஒரு தட்டை அச்சடித்து முடிக்க, 8 புள்ளி. மின்சாரம் அதற்கு மேல் ஒன்றிரண்டு புள்ளி. தொட்டிப் படலத்தின் தேய்மானம், கழுவும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், கையுறை, துடைக்கும் காகிதம், வடிகட்டி எல்லாம் சேர்த்து ஒரு ஓட்டத்துக்கு 35 என்று எழுதியிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது கரன்ட் செலவைத்தான். அதைவிடக் கையுறைக்கு அதிகம் போகிறது.

இப்போது கை நிமிடங்கள். அதே திருடன், மறுபடி ஒரு பிரதி, தனியாக.

ஃபைலில் சப்போர்ட் இல்லை. நானே கட்டினேன். குறுங்கத்தியின் நுனி, முழங்கை, போர்வையின் கீழ் விளிம்பு, மோவாய் என்று அந்தரத்தில் ஆரம்பிக்கிற ஒவ்வொரு இடத்தையும் ஸ்லைசரில் (பொம்மையை அடுக்கடுக்காகப் பிரிக்கும் மென்பொருள்) தேடித் தேடிக் கம்பம் நட்டேன். முகத்தில் ஒரு கம்பமும் தொடக்கூடாது. தொட்டால் தழும்பு, விளையாடுகிறவர் முதலில் பார்ப்பதே முகத்தைத்தான். 25 நிமிடம். ரெசினைக் குலுக்கி ஊற்றி ஓட்டத்தைத் தொடங்க 8. எடுத்து இரண்டு தொட்டி ஆல்கஹாலில் கழுவ 10. சப்போர்ட் நீக்க 12. தழும்பைச் சுரண்டி, யு.வி. விளக்கில் இறுக்கி, திருப்பித் திருப்பிப் பார்க்க 6. மீதி ரெசினை வடிகட்டிப் பாட்டிலில் திருப்பி ஊற்றி, தொட்டியையும் தட்டையும் துடைக்க 12. வாள் ஒடியாமல் பொதிய 10. கூட்டினால் 83 நிமிடம், 690 புள்ளிக்குப் பக்கத்தில்.

ரெசின் 9 புள்ளி. முதல் தடவை நான் வாங்கியது 27.

நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொம்மை முதல் ஓட்டத்தில் சரியாக வரவே இல்லை என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. குளிரான இரவு, ரெசின் கெட்டித்துப் போயிருந்திருக்கிறது. காலையில் பார்த்தால் திருடன் இருக்கிறான், வாள் பிடித்த கை இல்லை. கை தொட்டிக்குள் படலத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதை அப்படியே விட்டு அடுத்த ஓட்டம் போட்டால் தட்டு இறங்கி அழுத்தும்போது அந்தத் துண்டு படலத்தைக் கிழிக்கும், ரெசின் திரை மேல் ஒழுகும். ஆக மொத்தத்தையும் வடிகட்டி, ஒட்டியதை உரித்து, மறுபடி ஆரம்பித்தேன். 9 கிராம் ரெசின் வீணானதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்? போனது என் காலை நேரம்.

சப்போர்ட் நீக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் கழுவியவுடனே கட்டரை எடுத்து வெட்டுவேன். குறுங்கத்தி நுனியில் நின்ற கம்பத்தை வெட்டியபோது 'டிக்' என்று ஒரு சத்தம், கத்தி பாதியாகிவிட்டது. இப்போது முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் போடுகிறேன். ரெசின் இளகுகிறது, விரலால் மெதுவாக இழுத்தாலே கம்பங்கள் கூட்டமாக, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி கழன்று வருகின்றன. கட்டாயம் யு.வி.யில் இறுக்குவதற்கு முன்னால். இறுகிய பிறகு கம்பம் பொம்மையின் தோலையும் பிய்த்துக்கொண்டுதான் வரும். இந்த ஒரு பழக்கத்தால் ஒரு பொம்மைக்கு 12 நிமிடமாக இருந்தது 7 ஆனது. விலையைக் குறைக்க ரெசினை மலிவாகத் தேடுகிறவர்கள் ஒரு கிண்ணம் தண்ணீரைத்தான் முதலில் தேட வேண்டும்.

அடுத்த வாரம் ஒரு குழுவே வந்தது. எட்டு வீரர்கள், எல்லாம் சப்போர்ட் கட்டியே வாங்கின ஃபைல்கள். ஒரே தட்டில் எட்டும் நின்றன. நேரம் அதே 2 மணி 40 நிமிடம். ஃபைல் சரிபார்க்க 10, தொடங்க 8, கழுவ 14, சப்போர்ட்டுக்கு 56, இறுக்கிச் சரிபார்க்க 24, தொட்டி சுத்தத்துக்கு அதே 12, பொதிய 20. மொத்தம் 144 நிமிடம், 1200 புள்ளி. ஆளுக்குப் பிரித்தால் 150. ஒற்றைத் திருடனுக்கு 690. ஒரே அளவு, ஒரே ரெசின், ஒரே மெஷின்.

ஆக ஒரு பொம்மைக்கு ஒரு விலை என்று ஒன்று கிடையாது. ஓட்டத்துக்கு ஒரு விலை, பொம்மைக்கு ஒரு விலை என்று இரண்டு இருக்கிறது. ஓட்டத்தின் விலை தட்டில் எத்தனை பேர் நின்றாலும் மாறாது: ஃபைல் பார்ப்பது, ரெசின் ஊற்றுவது, சுத்தம் செய்வது, மெஷின், ஆல்கஹால். சப்போர்ட் கட்டிய ஃபைலாக இருந்தால் எனக்கு அது 300 வருகிறது. பொம்மையின் விலை தலைக்குத் தலை ஏறும்: கழுவுவது, கம்பம் நீக்குவது, பார்ப்பது, பொதிவது, கூடவே ரெசின். அது 130. ஒன்றுக்கு 430, எட்டுக்கு 1340. எட்டு வாங்கினால் தலைக்கு 168தான். நிறைய வாங்குகிறவருக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோமே, அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. 300 ஐ எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரிய பிரின்ட் சேவைகளும் இதே மாதிரி பிரித்துத்தான் யோசித்தன. பிலிப்ஸிலிருந்து கிளைத்து 2007-ல் தொடங்கிய ஷேப்வேஸ், நைலான் பொடிப் பொருள்களுக்குக் கனஅளவை மட்டும் பார்க்காமல் மெஷினுக்குள் பொருள் அடைக்கிற இடத்துக்கும் தனியாகக் கணக்குப் போட்டது. உள்ளே காலியாக இருக்கிற கூடை கொஞ்சம் பொருளைத்தான் தின்னும், ஆனால் பக்கத்தில் இன்னொன்று நிற்கவிடாது.

அந்த இடக் கணக்கு எனக்கு உறைத்தது அளவு மாற்றச் சொன்ன ஒருவரால். "அதே வீரன், இரண்டு மடங்கு உயரம், இரண்டு மடங்கு விலை, சரிதானே?" என்றார். சரி என்று வாயைத் திறக்கப் போனேன், நல்ல வேளை பென்சில் கையில் இருந்தது. உயரத்தை இரண்டு மடங்காக்கினால் அகலமும் தடிமனும் கூடவே இரண்டு மடங்காகும். ரெசின் 2×2×2, எட்டு மடங்கு. சப்போர்ட்டை விட்டுவிட்டுப் பார்த்தால் 6 கிராம் வீரன் 48 கிராம் ஆகிறான். அடேயப்பா என்று எட்டு மடங்கு விலை சொன்னாலும் தப்பு. தட்டில் அவன் அடைக்கும் இடம் நான்கு மடங்கு: எட்டுப் பேர் நின்ற இடத்தில் இரண்டு பேர்தான் நிற்க முடியும். நேரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு: 84 மி.மீ., சப்போர்ட்டோடு 90, அதாவது 1800 அடுக்கு, 5 மணி நேரம். கை உழைப்போ கிட்டத்தட்ட அப்படியே. சொல்லப்போனால் பெரிய பொம்மையில் கத்தி தடிமனாக இருப்பதால் ஒடிகிற பயம் குறைவு.

ஒரே பொம்மை, நான்கு செலவுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஏறுகிறது. இதில் எது பெரிய பங்கு என்பதைப் பொறுத்துத்தான் விலை. தனியாக ஒன்றே ஒன்று என்றால் 430 இருந்த இடத்தில் 500 போதும், ஏனென்றால் அங்கே உழைப்புதான் பெரிய பங்கு. தட்டை நிரப்பி எட்டாகச் செய்தால்? எட்டுக்கு நான்கு ஓட்டம் வேண்டும், ஓட்டச் செலவு நான்கு தடவை. அவர் கேட்டது ஒன்றுதான் என்பதால் தப்பித்தேன். இன்னும் பெரிய உருவங்களை, டிராகன், பூதம் மாதிரியானவற்றை, உள்ளே குடைந்து 2 மி.மீ. சுவர் மட்டும் விட்டு, ரெசின் வடியக் கண்ணுக்குப் படாத இடத்தில் ஓட்டை போடுகிறேன். ஓட்டை போடாத ஒரு பூதம் சில வாரம் கழித்து முதுகில் விரிசல் விட்டு உள்ளே இருந்த இறுகாத ரெசினை அலமாரியில் கக்கியது. அதை இலவசமாக மாற்றிக் கொடுத்தேன், அலமாரியைத் துடைத்தும் கொடுத்தேன்.

'கஸ்டம்' என்ற சொல் வரும்போது இன்னொரு கதவு திறக்கிறது. வாளை எடுத்துவிட்டு வில் வைக்க முடியுமா? முடியும். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் மணிக்கட்டை வெட்டி, வேறு கையை ஒட்டி, இடைவெளியை அடைத்து, மெஷ் (பொம்மையின் மேற்பரப்பு வலை) எங்கும் கிழியாமல் இருக்கிறதா என்று பார்க்க 40 நிமிடம். 330 புள்ளி, அச்சாகும் முன்பே. "சின்ன மாற்றம்தானே" என்று சொல்லப்படுகிற எதுவும் சின்னதாக இருந்ததாக என் நோட்டில் பதிவில்லை. வில்லை வைத்த பிறகு அம்பறாத்தூணி வேண்டும் என்பார்கள், அது வந்தால் போர்வை இடிக்கும். இப்போது முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு திருத்தம் விலைக்குள், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. திரையில் படம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ரெசின் பாட்டிலைத் தொடுவது.

ஃபைலின் உரிமையும் விலையில் ஒரு பங்கு. பொம்மையின் 3டி வடிவம் இருக்கிற எஸ்.டி.எல். ஃபைலைக் காசு கொடுத்து வாங்கினாலும் பெரும்பாலும் அது சொந்த உபயோகத்துக்கு மட்டுமே. அச்சடித்து விற்க வணிக உரிமம் வேறு, ஃபைலை வடிவமைக்கிற பல சிற்பிகள் அதை மாதச் சந்தாவாக வைத்திருக்கிறார்கள், சந்தாவை நிறுத்தினால் விற்கும் உரிமையும் நிற்கும். மாதம் 400 புள்ளி சந்தா கட்டி அந்த மாதம் பத்து பொம்மை விற்றால் தலைக்கு 40. ஒன்றே ஒன்று விற்றால் 400 முழுதும் அதன் தலையில். ஆகவே ஆள் கேட்காத சந்தாக்களை நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் வைத்திருக்கிறேன். வாடிக்கையாளரே ஃபைல் கொண்டுவந்தால் அதை வேறொருவர் கூலிக்கு அச்சடிக்கலாமா என்று உரிமத்தைப் படித்துப் பார்க்கிறேன். சிலர் அனுமதிக்கிறார்கள், சிலர் இல்லை. பெரிய கம்பெனி பொம்மையை ஸ்கேன் செய்து கொண்டுவந்தால் விலையே சொல்வதில்லை, மாட்டேன் என்பதோடு சரி.

பெயின்ட் அடித்துத் தரச் சொன்னால் அது முழுக்க மணிக்கணக்கு. மேசையில் மூன்றடி தள்ளிப் பார்க்க அழகாக இருக்கிற தரத்துக்கே எனக்கு இரண்டு மணி நேரம், அதாவது 1000 புள்ளி. அச்சு விலையெல்லாம் அதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. கண்ணுக்குள் கருவிழி வைக்கச் சொல்கிறவர்களை என்னைவிட நல்ல கை உள்ளவரிடம் அனுப்பிவிடுகிறேன்.

தோல்விக்கு எவ்வளவு சேர்ப்பது? என் நோட்டில் 40 ஓட்டம், ஏறக்குறைய 260 பொம்மை. முழுத் தட்டும் பாழானது மூன்று தடவை. அதில் ஒன்று ரெசின் குலுக்க மறந்தது, ஒன்று தட்டு மட்டம் தவறியது, ஒன்று அந்தக் குளிர் இரவு. தனித்தனியாகப் பழுதானது 17, பெரும்பாலும் ஈட்டி, வாள், கொம்பு. எல்லாவற்றுக்கும் சேர்த்து 15 சதவீதம் ஏற்றுகிறேன். அதோடு ஒரு தந்திரம்: ஏழு கேட்டால் எட்டு வைக்கிறேன், எட்டாவது யார் என்றால் கூட்டத்திலேயே மெல்லிய வாள் வைத்திருக்கிறவன். கூடுதல் ஒன்பது கிராம் ரெசின், இன்னொரு ஓட்டத்தின் 300 ஐக் காப்பாற்றுகிறது. பழுதாகாமல் இரண்டும் நன்றாக வந்தால் மற்றது இலவசம், அதில் கிடைக்கிற நல்ல பெயரும் இலவசம்.

15 சதவீதத்தைச் சேர்த்தால் ஒற்றை வீரன் 500, எட்டுப் பேர் 1540. என் கூலி இதற்குள்ளேயே இருக்கிறது. லாபம் என்று மேலே கொஞ்சம் வைப்பதும் வைக்காததும் ஆளைப் பொறுத்தது.

500 என்று சொன்னால் யாருக்கும் முகம் சுருங்கத்தான் செய்யும். கட்டைவிரல் உயரப் பொம்மைக்கு அரை பாட்டில் ரெசின் விலையா? அவர்கள் கேட்பதில் தப்பில்லை, நானும் முதலில் எடையைத்தானே பார்த்தேன். அதனால் இரண்டு விலை வைத்தேன். உடனே வேண்டும் என்றால் ஓட்டத்தின் விலை முழுதும் உங்களுடையது. காத்திருக்க முடியும் என்றால், சாம்பல் நிற ரெசின், 0.05 அடுக்கு, 50 மி.மீ. உயரத்துக்குள், தட்டு நிரம்புகிற அன்று போடுவேன், உங்கள் பங்கு மட்டும் கொடுங்கள். நிறம் மாற்றிக் கேட்டால் இந்த விலை கிடையாது, ஏனென்றால் ஒருவருக்காகத் தொட்டியைக் காலி செய்து, துடைத்து, மறுபடி சாம்பலுக்குத் திரும்ப வேண்டும். உயர வரம்பும் அதனால்தான். நெட்டையான ஒருவன் நின்றால் மற்ற ஏழு பேரும் முடிந்த பிறகும் மெஷின் அவன் ஒருவனுக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

முதல் திருடனை வாங்கிய நண்பர் போன மாதம் மறுபடி வந்தார். விளையாட்டில் திருடன் செத்துவிட்டான், இப்போது மந்திரவாதி. புது விலையைச் சொன்னேன். "போன தடவை அவ்வளவு மலிவாகத் தந்தீங்களே?" என்றார். நோட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். 83 நிமிடப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பேரம் பேசுவார் என்று நினைத்தேன். போனை எடுத்துத் தன் ஆட்டக் குழுவில் ஏதோ தட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டார்: "இந்த வாரத் தட்டுல இன்னும் எத்தனை இடம் பாக்கி இருக்கு?"

ஐந்து இருந்தது. மூன்றை எடுத்துக்கொண்டார்.